"எத்தனை கிராம்?"னு மட்டும் கேக்கற ஊர்ல நகை டிசைனர்

சொந்தமா நகை டிசைன் பண்ணி இன்ஸ்டால விக்கிறவங்க பேஜ் நிறைய ஃபாலோ பண்றேன், வாங்குறது கம்மி, பாக்குறது ஜாஸ்தி. எல்லா கேப்ஷன்லயும் இன்ஸ்பிரேஷன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கும்: கோபுரம், கோலம், ஆத்தங்குடி டைல்ஸ், பாட்டியோட பாம்படம் (அந்தக் காலத்துல காதுல போட்ட பெரிய தொங்கட்டான்). முதல் மூணுல பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, கோபுரத்த சின்னதாக்கி மாட்டிவிட்டா அது காதுல தொங்குற கோபுரம், அவ்வளவுதான். ஆனா பாம்படத்த எடுத்து வேலை பாக்குறவங்கள நான் நின்னு கவனிப்பேன், யாருக்கு கண்ணு இருக்கு யாருக்கு இல்லன்னு அங்கதான் உடனே தெரிஞ்சிரும்.

பாம்படம், அதே மாதிரி இன்னொரு காது நகையான தண்டட்டி எல்லாம் போட்டோல பாத்தா பத்தாது, கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாக்கணும். சாமி கிடையாது, மயில் கிடையாது, மாங்கா கிடையாது. சதுரக்கட்டி, உருண்டை, கூம்பு, மெல்லிசா ஒரு தட்டு, இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒட்டி, எந்தப் பக்கம் திருப்புனாலும் வேற வேற உருவமா தெரியுற மாதிரி செஞ்சிருப்பாங்க. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி பக்கம் களையெடுக்கப் போன அப்பத்தாமாருங்க போட்டுட்டுத் திரிஞ்சதுதான், இன்னைக்கு ஒரு மாடர்ன் ஆர்ட் கேலரில வச்சாலும் யாரும் பழசுன்னு சொல்ல மாட்டாங்க. பாக்க அம்மாம் பெருசா இருக்கே, எல்லாம் தங்கமான்னா இல்ல, உள்ள அரக்கு, மேல தங்கத்தகடு. கம்மி தங்கத்துல பெரிய உருவம் காட்டணும்னு ஏதோ ஒரு ஆசாரி உக்காந்து போட்ட கணக்கு அது, டிசைன்னா அதுதானே.

அப்புறம் அது வளர்த்த காதுக்குன்னே செஞ்சது. சின்ன வயசுலயே குத்தி, ஓலைச்சுருள் வச்சு, ஈயக் குணுக்கு மாட்டி, காது தோளத் தொடுற அளவுக்கு இறங்குனதுக்கு அப்புறம் போடுறது. இப்ப அந்தக் காதே இல்ல. அப்போ பாம்படத்த எடுக்குற டிசைனர் முன்னாடி நிக்கிற உண்மையான கேள்வி, ஒரு சின்ன ஓட்டைல இத எப்படி நிக்க வைக்கிறதுங்குறதுதான். அத யோசிக்காம அப்படியே வெள்ளில கெட்டியா வார்த்து வித்த ஒரு ஜோடிய நானும் வாங்கினேன், மதியத்துக்குள்ள காது செவந்து போய் கழட்டி பர்ஸ்ல போட்டேன் (பேர் சொல்ல மாட்டேன், பேஜ் ரொம்ப அழகா இருக்கும்). யோசிக்கிறவங்க என்ன பண்றாங்கன்னா, உள்ள கூடாக்கி எடைய குறைக்கிறாங்க, இல்ல மாட்டல் வச்சு பாரத்த காதுக்கு மேல தூக்கிடுறாங்க, இல்ல காதையே விட்டுட்டு அந்த உருண்டையும் கூம்பும் மட்டும் எடுத்து மோதிரம் பண்றாங்க. மோதிரத்தப் பாத்தா பாம்படம்னு சட்டுனு தெரியாது, ஆனா அந்தக் கணக்கு அதுல இருக்கும்.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் எல்சா பெரெட்டி. இத்தாலிக்காரம்மா, 1940ல பொறந்தவங்க, 1974ல இருந்து டிஃபனிங்குற அமெரிக்க நகை கம்பெனிக்கு டிசைன் பண்ணவங்க. ரோம்ல கப்புச்சின் துறவிகளோட எலும்புகளையே வச்சு அலங்காரம் பண்ண ஒரு சர்ச் இருக்கு, சின்னப் பிள்ளையா அங்க போனப்ப எலும்ப திருடி எடுத்துட்டு வந்து, திருப்பிக் குடுத்துட்டு வான்னு அம்மா அனுப்புனதா அவங்களே சொல்லிருக்காங்க. பின்னாடி அவங்க பண்ண 'போன் கஃப்' (Bone Cuff, எலும்புக் காப்பு) வளையல்ல மண்டையோடும் இல்ல, எலும்புக்கூடும் இல்ல. மணிக்கட்டுல துருத்திட்டு இருக்குற எலும்பு மேல வழிஞ்சு உக்காருற மாதிரி ஒரு வளைவு, அதனால இடது கைக்கு வேற, வலது கைக்கு வேற. எலும்பப் பாத்த பொண்ணு எலும்ப வரையல, எலும்பு மேல நகை எப்படி உக்காரும்னு பாத்துச்சு.

சரி, இவ்வளவு யோசிச்சுப் பண்றவங்க ஏன் எல்லாரும் வெள்ளி, பித்தளை, டெரகோட்டான்னே நிக்கிறாங்க, தங்கத்துக்கு ஏன் வரமாட்டேங்குறாங்க? நம்ம நகைக்கடை பில்ல எடுத்துப் பாருங்க. எடை, சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி. டிசைனுக்குன்னு ஒரு வரி கிடையாது. டிவில 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை'ன்னு கத்துறாங்க, அதாவது செஞ்ச கைக்கு காசே கிடையாதுன்னு பெருமையா விளம்பரம் பண்றாங்க, நாமளும் குடும்பத்தோட வேன் பிடிச்சுப் போறோம். குத்தம் சொல்லல, நமக்கு தங்கம்ங்குறது பிள்ளை கல்யாணம், ஜூன் மாச ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி செலவு, அடகுக்கடைல டிசைனப் பாத்து யாரும் கூட பத்து ரூபா தரப்போறதில்ல. பாம்படமே அப்படித்தான் போச்சு. ஃபேஷன் மாறுச்சு, காத அறுத்து தச்சு தோடு போட்டுக்கிட்டாங்க, பாம்படத்த கடைல குடுத்தா அரக்கு எடையக் கழிச்சுட்டு உருக்கிட்டாங்க. வெள்ளில மட்டும்தான் எடை பேசாம டிசைன் பேச முடியுது, அங்கயும் கமென்ட்ல ஒருத்தர் வந்து வெள்ளி ரேட்டுக்கு இவ்வளவு வராதேன்னு கால்குலேட்டர் தட்டிட்டு இருப்பாரு.

ஹால்மார்க்கும் அதே கதைதான். 2023 ஏப்ரல் 1ல இருந்து கடைல விக்கிற தங்க நகைல ஹெச்யூஐடின்னு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா குடுக்குற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள நம்பர் இருக்கணும், நல்ல விஷயம், ஏமாத்து குறையும். அந்த நம்பர பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா சுத்தம் எவ்வளவு, எந்தக் கடைன்னு வரும். யார் கை செஞ்சதுன்னு வராது.

இதுல டிசைனர்ங்க மேலயும் எனக்கு கோவம் உண்டு. தன்னோட டிசைன காப்பி அடிச்சு ஹோல்சேல்ல எவனோ விக்கிறான்னு ஸ்டோரி மேல ஸ்டோரி போடுறாங்க, நியாயம்தான். 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டத்துல பதிவு பண்ணா பத்து வருஷம், நீட்டிச்சா இன்னொரு அஞ்சு வருஷம் பாதுகாப்பு இருக்கு, ஆனா வாரத்துக்கு நாலு டிசைன் போடுற சின்ன ஆளு ஒவ்வொண்ணுக்கும் ஃபீஸ் கட்டி அலைய முடியாது. ஆனா அதே ஆளு பேஜ்ல 'டெம்பிள் ஜுவல்லரி'ன்னு மொட்டையா போட்டிருக்கும், அது நாகர்கோவில் வடசேரில வெள்ளில அடிச்சு செவப்புக் கெம்புக்கல் பதிச்சு, மொதல்ல சாமிக்கும் அப்புறம் பரதநாட்டியக்காரங்களுக்கும் செஞ்ச வேலை, புவிசார் குறியீடு வாங்குன வேலை, வடசேரின்னு ஒரு வார்த்தை இருக்காது. உங்க டிசைன உங்க பேரு இல்லாம எடுத்தா திருட்டு, நீங்க எடுத்தா இன்ஸ்பிரேஷனா? ஊர் பேரும், அவருக்கு சம்மதம்னா வார்த்துக் குடுத்த ஆசாரி பேரும் கேப்ஷன்ல போட்டா விலை ஒண்ணும் குறைஞ்சிராது, நான் இன்னும் சேத்துக் குடுப்பேன்.

யார் வீட்லயாச்சும் பாம்படம், தண்டட்டி, முடிச்சுன்னு பழைய காது நகை எதாச்சும் மிச்சம் இருந்தா, விக்கிறதோ மாத்துறதோ உங்க இஷ்டம், அதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, எந்த ஊரு, உங்க பக்கம் அதுக்கு என்ன பேருன்னு கமென்ட்ல போடுங்க.