அழிக்கச் சொன்னதை அச்சேற்றியது ஏன்?

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் மறைந்து பத்தாண்டுகள் ஆகும் வேளையில், 2024 மார்ச் 6 அன்று, அவருடைய பிறந்த நாளிலேயே வெளியான ‘ஆகஸ்டில் சந்திப்போம்’ நாவலைப் படித்து முடித்ததிலிருந்து மனம் ஆறவே இல்லை. இந்த நூல் தேறாது, அழித்துவிட வேண்டும் என்று அவரே தம் மகன்களிடம் சொல்லியிருக்கிறார். அதை முன்னுரையில் எழுதி, தாங்கள் செய்வது துரோகம் என்றும் ஒப்புக்கொண்டு, வாசகரின் மகிழ்ச்சியை முன்னிட்டு வெளியிடுவதாக அந்த மகன்கள் கூறுகிறார்கள். அந்த வாசகர்களில் நானும் ஒருவன். எனக்கு மகிழ்ச்சி இல்லை, வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியது.

முதல் அத்தியாயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று தாயின் கல்லறையில் மலர் வைக்கத் தீவுக்கு வரும் ஆனா மக்தலேனா பாக், முன்பின் தெரியாத ஒருவனோடு ஓர் இரவைக் கழிக்கிறாள். விடிந்த பின், தான் படித்துக்கொண்டிருந்த ‘டிராகுலா’வின் பக்கங்களுக்கிடையே அவன் இருபது டாலர் நோட்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருப்பதைக் காண்கிறாள். அந்த ஒற்றை நோட்டு அவளைக் கூனிக் குறுக வைக்கும் விதத்தில் மார்க்கேஸின் கை தெரிகிறது. அதன் பின் வரும் ஆகஸ்டுகளில் ஆண்கள் வருகிறார்கள், போகிறார்கள், எவரும் மனத்தில் நிற்பதில்லை. தாயின் எலும்புகளைத் தோண்டியெடுத்து அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் முடிவு, மார்க்கேஸ் நல்ல உடல்நிலையில் இருந்திருந்தால் எப்படியெல்லாம் விரிந்திருக்க வேண்டியது! இங்கே அவசர அவசரமாக முடிந்துபோகிறது.

நினைவாற்றல் மங்கியதால் நூலின் அருமையை அவரால் உணர முடியாமல் போயிருக்கலாம் என்பது மகன்களின் வாதம். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. மதிப்பிடக்கூட இயலாத நிலையில் இருந்தவரால் எழுதி முடிக்க மட்டும் எப்படி இயன்றிருக்கும்? ஐந்தாம் வரைவையும் கணினிக் கோப்பையும் ஒப்பிட்டுப் பதிப்பாசிரியர் கிறிஸ்தோபால் பேரா உருவாக்கிய பிரதியைத்தான், முற்றுப்பெற்ற நாவல் போல நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

வரைவுகள் டெக்சஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பத்திரமாகவே இருக்கின்றன. ஆய்வாளர்கள் அங்கே படிக்கலாம். மற்றவர்களுக்கும் தர விரும்பினால், அடித்தல் திருத்தல்களோடு, இது வரைவு என்று அட்டையிலேயே அறிவித்துப் பதிப்பித்திருக்கலாம். அதை நான் முதல் ஆளாக வாங்கியிருப்பேன். நூலின் கடைசியில் அவருடைய கைத்திருத்தங்கள் கொண்ட சில பக்கங்களின் படங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றைக் காட்டத் தோன்றியவர்களுக்கு, நூல் முழுவதையும் அப்படியே தருவதற்கு ஏன் மனம் வரவில்லை?