மூன்று நிமிடக் கேள்வி, மூன்று நிமிடப் பதில்

புதன்கிழமை நைட் டூட்டி முடிந்து வந்தால் மூன்று மணி நேரம்தான் தூங்குவேன். பன்னிரண்டு மணிக்கு அலாரம். எழுந்து டீ போட்டுக்கொண்டு ஃபோனில் டால் நேரலையைத் திறந்து வைத்துவிடுவேன். டால் என்பது அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை. அந்த நேரத்தில்தான் எதிர்க்கட்சித் தலைவர்கள் எழுந்து பிரதமரைக் கேள்வி கேட்பார்கள். இங்கே பிரதமரை டீஷக் என்பார்கள். "தூங்கி எழுந்து அப்புறம் பார்த்தால் என்ன, எங்கே போய்விடப் போகிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பிறகு பார்த்தாலும் அதேதான், தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்படும் நேரத்தில் நானும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

இந்தப் பழக்கம் 2012 நவம்பரில் தொடங்கியது. நான் நர்ஸாக டப்ளினுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கால்வே மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் இறந்த செய்தி வெளியானது. கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், முப்பத்தொரு வயது. கரு கலைந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகும், கருவின் இதயத்துடிப்பு இருக்கும்வரை கலைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் தொற்று பரவி இறந்துபோனார். வார்டில் இருந்த இந்திய நர்ஸுகள் யாரும் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் முதல்முறையாக டால் விவாதத்தைப் பார்த்தேன். எதிர்க்கட்சியினர் விடாமல் கேட்டார்கள். விசாரணை அறிக்கை வரட்டும் என்பதுதான் அரசின் பதில். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் அடுத்த வாரமும் கேட்டார்கள், அதற்கடுத்த வாரமும் கேட்டார்கள். 2013 ஜூலையில் தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் கருக்கலைப்பு செய்யலாம் என்று சட்டம் நிறைவேறியது. 2018 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை தந்த, அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தமே நீக்கப்பட்டது. இதையெல்லாம் அந்தக் கேள்விகள் மட்டும் செய்துவிடவில்லை. தெருவில் இறங்கிய ஆயிரக்கணக்கான பெண்கள் செய்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டதை பிரதமரின் முகத்துக்கு நேராகக் கேட்க ஒரு இடம் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

இந்த நேரத்துக்குத் தலைவர்களின் கேள்விகள் என்று பெயர். செவ்வாய் பிற்பகலும் புதன் நண்பகலும் டீஷக் பதில் சொல்வார். வியாழக்கிழமை துணைப் பிரதமரின் முறை. என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. கேட்பவருக்கு மூன்று நிமிடம், பதிலுக்கு மூன்று நிமிடம். அதன் பிறகு கேட்டவர் மறுபடியும் எழுந்து ஒரு நிமிடம் பேசலாம், அதற்கு ஒரு நிமிடப் பதில். ஆக மொத்தம் ஒருவருக்கு எட்டு நிமிடம்.

என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது முறை எழுந்து பேசும் ஒரு நிமிடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் பதிலை அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த குறிப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம். "நான் கேட்டது அது இல்லை, இதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று எதிரே நிற்பவர் திரும்பக் கேட்கும்போது குறிப்பு உதவாது. அந்த இடத்தில்தான் ஒருவருக்கு விஷயம் தெரியுமா, அக்கறை இருக்கிறதா என்பது வெளியே வரும்.

2013 பிப்ரவரி 5 அன்று அப்படி ஒன்று நடந்தது. மக்தலீன் சலவைக்கூடங்கள் பற்றிய அறிக்கை அன்றுதான் வெளியானது. கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்தச் சலவைக்கூடங்களில் 1922 முதல் சுமார் பத்தாயிரம் பெண்கள் கூலியில்லாமல் துணி துவைத்தார்கள், பூட்டிய கதவுக்குள். கடைசிச் சலவைக்கூடம் 1996-ல்தான் மூடப்பட்டது. நான் வாராவாரம் பஸ்ஸில் கடந்து போகும் ஷான் மெக்டெர்மட் தெருவில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளே போன பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானோரை அனுப்பியதில் அரசின் கை இருந்தது என்று அறிக்கை சொன்னது. அப்படியானால் அரசு மன்னிப்புக் கேட்குமா? எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கேட்டார்கள். அன்றைய டீஷக் எண்டா கென்னி வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளும்படி எதுவும் சொல்லவில்லை. உயிரோடிருந்த அந்தப் பெண்கள் அதைக் கேட்டு உடைந்துபோனார்கள்.

ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. இடையில் கென்னி அந்தப் பெண்களை நேரில் சந்தித்துப் பேசினார். இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 19 அன்று, அதே அவையில் எழுந்து அரசின் சார்பிலும் மக்களின் சார்பிலும் முழு மன்னிப்புக் கேட்டார். பேச்சின் முடிவில் அவருக்குக் குரல் உடைந்தது. பார்வையாளர் மாடத்தில் அந்தப் பெண்கள், எல்லாரும் வயதானவர்கள். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், மேலே இருந்த பெண்களும் தட்டினார்கள். நான் அன்று மருத்துவமனை கேன்டீனில் ஓய்வு நேரத்தில் இருந்தேன். சுவரிலிருந்த டிவியில் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐரிஷ் அக்கா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அழுதார். எதுவும் கேட்கத் தோன்றவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு தலைவரின் பதில் இரண்டு வாரத்தில் மாறலாம். மாறியதற்காகக் கென்னியை நான் குறைவாக நினைக்கவில்லை. கேள்வி கேட்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு தேதிகளைத்தான் சொல்வேன்.

பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. இராக்குக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்ததற்கு அரசு கொடுத்த காப்பீட்டு உத்தரவாதம் பற்றி 1989-ல் டாலில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். முழுப் பதில் வரவில்லை. 1991 மே மாதம் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. விசாரணை ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. 200 நாட்களுக்கு மேல் சாட்சியம் கேட்டார்கள். ஆணையத்தில் இரண்டு கூட்டணித் தலைவர்களின் சாட்சியம் ஒன்றோடொன்று மோதி, 1992-ல் அரசே கவிழ்ந்தது. 1994-ல்தான் அறிக்கை வந்தது. விசாரித்த நீதிபதி லியம் ஹாமில்டன் ஒன்று சொன்னார்: இங்கே பதில் சொல்வதைப் போல டாலில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது, எவ்வளவோ பணமும் நேரமும் மிஞ்சியிருக்கும். நீதிபதி வாயிலிருந்தே வந்த வார்த்தை இது.

இப்போதைய டீஷக் மீஹால் மார்ட்டின் 1989-லிருந்து அந்த அவையில் இருப்பவர். நல்ல நினைவாற்றல், விவரங்கள் விரல் நுனியில் இருக்கும். பணியிடத்தில் புகைபிடிக்கத் தடை விதித்த 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்தது. அதற்காக ஒரு நர்ஸாக அவருக்கு என் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் மருத்துவமனை பற்றிக் கேட்டால் அவர் பதில் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. இதுவரை இல்லாத அளவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறோம் என்பார். கேட்ட கட்சி முன்பு எதை எதிர்த்தது என்று ஞாபகப்படுத்துவார். அமைச்சர்களிடம் போனால், அது நிர்வாக விஷயம், பொது மருத்துவச் சேவையை நடத்தும் சுகாதாரச் சேவை ஆணையம் உங்களுக்கு நேரடியாகப் பதில் அனுப்பும் என்பார்கள். அந்த ஆணையத்தைக் கொண்டுவந்த சீர்திருத்தத்தை 2003-ல் அறிவித்தவரே மார்ட்டின்தான். அதனால் அவர் வாயிலிருந்து பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு பாட்டி. எண்பது வயதுக்கு மேல். அவசரப் பிரிவு நடைபாதையில் ட்ராலியில் படுத்திருந்தார். கைப்பையை வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார், வைக்க வேறு இடம் இல்லை. தலைக்கு மேல் டியூப்லைட், அணைக்க முடியாது. நான் ஒரு துண்டை மடித்துக் கண்ணின் மேல் போட்டுவிட்டேன். விடிந்து என் டூட்டி முடியும்போதும் அதே இடத்தில்தான் இருந்தார். எங்கள் நர்ஸுகள் சங்கம் தினமும் நாடு முழுக்க எத்தனை பேர் இப்படிப் படுக்கையில்லாமல் கிடக்கிறார்கள் என்று எண்ணி வெளியிடுகிறது. அந்த எண்ணைத்தான் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து படிக்கிறார். பதிலில் அந்தப் பாட்டி இருக்க வேண்டுமா இல்லையா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முதுகெலும்பு வளைந்த குழந்தைகள் யாரும் அறுவை சிகிச்சைக்கு நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள் என்று 2017-ல் அன்றைய சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸ் வாக்குக் கொடுத்தார். 2025-லும் அதே கேள்வி டாலில் கேட்கப்பட்டது. வியாழக்கிழமைகளில் துணைப் பிரதமராக எழுந்து பதில் சொன்னவர் அதே ஹாரிஸ். வாக்குக் கொடுத்தவரிடமே அந்த வாக்கை எடுத்துக் காட்டிக் கேட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் 2025 ஜனவரியில் நடந்ததைப் பார்த்துப் பதறினேன். 2024 நவம்பர் தேர்தலில் மொத்தம் 174 இடங்கள். மார்ட்டினின் ஃபீனா ஃபால் கட்சிக்கு 48, ஹாரிஸின் ஃபீனெ கேல் கட்சிக்கு 38. இரண்டும் சேர்ந்தாலும் பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. சுயேச்சைகள் சிலர் கைகொடுத்தார்கள். சரி, அது அவர்கள் உரிமை. ஆனால் மைக்கேல் லௌரி தலைமையிலான அந்தக் குழுவில் சிலர் இணையமைச்சர் பதவிக்குப் போக, மீதிப் பேர் எதிர்க்கட்சிக்கான நேரத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். எதிர்க்கட்சிகள் அதை எதிர்த்ததில் ஜனவரி 22 அன்று அவையே நடக்க முடியாமல் போய், மார்ட்டின் மறுநாள்தான் டீஷக்காகத் தேர்வானார். மார்ச் 25 அன்று, அரசை ஆதரிப்பவர்களுக்கும் கேள்வி நேரம் தரும் விதி மாற்றம் பெரும் கூச்சலுக்கு நடுவே நிறைவேறியது. அவைத்தலைவர் வெரோனா மர்ஃபி, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், அடுத்த வாரமே நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தார். பதவி தப்பியது.

கேள்வி நேரத்துக்கு இவ்வளவு சண்டையா என்று இங்கே நிறையப் பேர் சலித்துக்கொண்டார்கள். எனக்குச் சலிப்பு வரவில்லை. அரசைக் காப்பாற்ற வாக்களித்துவிட்டு வந்து அதே அரசைக் கேள்வி கேட்பவரின் கேள்வி எப்படி இருக்கும்? அவர் தொகுதி மக்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது நியாயம்தான். அந்தக் குரலுக்கு அமைச்சர் அறைக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அந்தப் பாட்டிக்கு அப்படி எந்தக் கதவும் இல்லை.

நாளை புதன். இன்றிரவு டூட்டி இருக்கிறது, அலாரம் வைத்துவிட்டேன். நடைபாதை ட்ராலிகளைப் பற்றி யாராவது கேட்பார்கள். முதல் மூன்று நிமிடப் பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டவர் இரண்டாவது முறை எழும்போது ஃபோனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வேன்.