ராஜாதித்தன் பிழைத்தால் ராஜராஜன் இல்லை

வரலாற்றில் ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்று நாம் சேர்ந்து கற்பனைக் கதை எழுதும் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு அத்தியாயத்தால் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் போட மாட்டேன், பெயரும் சொல்ல மாட்டேன். சோழர் பக்கம் எழுதும் நண்பர் என்றே எழுதுகிறேன். நண்பர் என்று சொல்ல இன்னும் உரிமை இருக்கிறது என்ற நம்பிக்கையில்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை ஒருவர் இன்பாக்ஸில் வந்து, "நடக்காத சண்டைக்கு ஏன் சார் இவ்வளவு டென்ஷன்?" என்று கேட்டு, கூடவே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. சரி, எழுதியே விடுவோம்.

சண்டையில் யார் ஜெயித்தால் எனக்கென்ன? நாம் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட மாற்றம் ஒன்றே ஒன்று. கி.பி. 949, தக்கோலம், சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் போர். சோழ இளவரசன் ராஜாதித்தன் நெஞ்சில் தைக்க வேண்டிய அம்பு குறி தப்புகிறது. யானை மேலேயே செத்து "ஆனைமேல் துஞ்சிய தேவர்" என்று பெயர் வாங்க வேண்டியவன் உயிரோடு இறங்குகிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சேர்ந்து எழுத வேண்டியது. சோழர் அந்த நண்பர் கையில், தக்காணத்து ராஷ்டிரகூடர் என் கையில், அவர்களோடு சேர்ந்து போரிட்ட கங்கர், பாண்டியர், ஈழம் எல்லாம் மற்றவர்கள் கையில். இரண்டு அரசு மோதினால் அந்த அத்தியாயத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுத வேண்டும். அடுத்தவர் ராஜாவை அவரைக் கேட்காமல் கொல்லக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்ததே சோழர் பக்கத்து நண்பர்தான். பாண்டியர் பக்கத்து ஆள் ஒருமுறை எல்லை மீறியபோது இந்த விதியைச் சொல்லித்தான் அவரை வாயடைக்க வைத்தார்.

ஞாயிறு ராத்திரி அவர் போட்ட அத்தியாயத்தில் ராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடம் எரிகிறது. ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் ராஜாதித்தன் காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறான், அப்புறம் தலை போகிறது. கங்க அரசன் பூதுகனை யானை மிதிக்கிறது. அதே வருஷம் கப்பல் கட்டிக் கடாரமும் வந்துவிடுகிறது. நிஜத்தில் ராஜேந்திரன் 1025-இல் செய்ததை இவர் 949-இல் ஒரு பத்தியில் முடித்துவிட்டார். முத்தாய்ப்பாக, "இந்த அடித்தளத்தின் மீதுதான் பின்னாளில் ராஜராஜன் பெரிய கோயிலை எழுப்பினான்" என்று ஒரு வரி. அதற்குத்தான் ஏகப்பட்ட ஹார்ட்டின்.

எப்படிங்க எழுப்புவான்?

கோபம் இல்லாமல்தான் கேட்கிறேன். ராஜாதித்தன் முதலாம் பராந்தகனின் பட்டத்து இளவரசன். அவன் தக்கோலத்தில் செத்ததால்தான் தம்பி கண்டராதித்தன் அரியணைக்கு வந்தான். அப்புறம் இன்னொரு தம்பி அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன், நடுவே ஆதித்த கரிகாலன் கொலை, உத்தம சோழன், அதற்கும் பிறகு 985-இல் ராஜராஜன். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அந்த அம்புதான். ராஜாதித்தன் பிழைத்து, அவனுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்துவிட்டால் போதும், அரிஞ்சயன் பேரன் ஏதோ ஒரு கிளைவழி இளவரசன். ஒரு நாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். 1010-இல் தஞ்சையில் கோயில் இல்லை. கண்டராதித்தன் ராணி செம்பியன் மாதேவியையும் மறந்துவிட வேண்டியதுதான். கண்டராதித்தன் அரசனாகாமல், அவர் இளம் விதவையாகாமல், செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கிய அந்த நீண்ட திருப்பணி அதே மாதிரி நடந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ராஜாதித்தனும் வேண்டும், ராஜராஜனும் வேண்டும், கடாரமும் வேண்டும், பெரிய கோயிலும் வேண்டும் என்றால், எதை மாற்றினீர்கள்? வரலாற்றில் இருந்த ஒரு தோல்வியை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டீர்கள். இதற்கு இத்தனை பேர் எதற்கு? ஒரு ரப்பர் போதுமே.

மாற்றினால் விலை கொடுக்க வேண்டும். நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிவருவது இது ஒன்றைத்தான். சலித்துப்போகும் அளவுக்குச் சொல்லிவிட்டேன் என்று தெரியும், பரவாயில்லை.

அந்த விலையில்தான் கதையே இருக்கிறது. திருவொற்றியூர்க் கல்வெட்டில் சதுரானன பண்டிதர் என்று ஒரு துறவி வருவார். கேரளத்துக்காரர், இயற்பெயர் வல்லபன், ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். தலைவனோடு சேர்ந்து களத்தில் சாக முடியாமல் போன வேதனையில் கங்கையில் நீராடிவிட்டு வந்து திருவொற்றியூரில் துறவு பூண்டார். ராஜாதித்தன் பிழைத்தால் இந்த மனிதர் என்ன ஆவார்? துறவியாக மாட்டார். படையில் இருப்பார், வயதாகும், ராஜாவோடு ஒருவேளை மனஸ்தாபம்கூட வரும். இதை எழுதுங்கள் என்று சோழர் பக்கத்து நண்பரிடம் நானே சொன்னேன். குறிப்புகளும் எடுத்துக் கொடுத்தேன். எதிரி அரசை எழுதுகிறவன் கொடுத்த குறிப்புகள்! "சூப்பர் ப்ரோ" என்றார். அவர் அத்தியாயத்தில் தேடிப் பார்த்தேன், வல்லபன் பெயரே இல்லை. மான்யகேடத்தை எரிக்கும் அவசரத்தில் அவருக்கு இடமில்லை போலிருக்கிறது.

எங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். வரலாறு படித்தவர் இல்லை, ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பார். கல்லூரி நாட்களில் நான் இந்த மாதிரி ஒன்றை எழுதி, பெருமையாக அவரிடம் நீட்டினேன். சோழப் படை வடக்கே போகிறது, யானைகள், குதிரைகள், தூசி, முரசு, எல்லாம் அமர்க்களமாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, "சித்திரை மாசம் கிளம்புறானே, யானைக்குத் தண்ணி எங்கடா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். அன்றிலிருந்து எந்தப் போரை எழுதினாலும் முதலில் ஆறு எங்கே, எந்த மாதம், தீவனம் யார் கொடுப்பார்கள் என்றுதான் பார்க்கிறேன். தக்கோலத்திலிருந்து மான்யகேடம் நேர்கோட்டில் அளந்தாலே 500 கிலோமீட்டருக்கு மேல். பெண்ணாறு, துங்கபத்திரை, கிருஷ்ணா என்று தாண்ட வேண்டும். நடுவே நாடு வைத்திருந்த கங்கர்களும் நுளம்பர்களும் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்களா? நண்பரின் அத்தியாயத்தில் படை காலையில் கிளம்புகிறது, அடுத்த பத்தியில் கோட்டை வாசல். பெரியப்பா இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பார்.

"கதைதானே, எதற்கு இவ்வளவு கணக்கு?" என்று அட்மின் சொல்கிறார். கதைதான். தனியாக எழுதினால் அது உங்கள் கதை, சந்திரனுக்கே யானையை அனுப்புங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? சேர்ந்து எழுதும்போது எதிரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய சீட்டையும் நீங்களே பிடுங்கிப் போட்டுவிட்டு "நான் ஜெயித்துவிட்டேன்" என்று எழுந்து நிற்பதற்குப் பெயர் ஆட்டம் இல்லை.

ரோமாபுரியில் லிவி என்ற வரலாற்றாசிரியர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த வேலையைச் செய்திருக்கிறார். அலெக்சாண்டர் மேற்கே திரும்பி ரோம் மீது படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில பக்கம் யோசித்தார். முடிவு என்ன என்று நினைக்கிறீர்கள்? ரோம்தான் ஜெயிக்கும். அவர் ரோமானியர், வேறென்ன எழுதுவார்? ஆனால் பாவம், அவருக்கு எதிரே மாசிடோனியா பக்கத்தை எழுத ஒரு ஆள் கிடைக்கவில்லை. நம் நண்பருக்குக் கிடைத்திருந்தான்.

இன்னொருவர் கொஞ்சம் நிதானமாகக் கேட்டார்: இப்படிக் கற்பனையாக எழுதுவதே ஆபத்து, நாளைக்கு இதை உண்மை என்று வாட்ஸப்பில் சுற்றவிடுவார்கள், ஏற்கெனவே இருக்கிற குழப்பம் போதாதா என்று. நல்ல கேள்விதான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கற்பனை என்று பெரிதாகப் போட்டிருக்கிறோம், அதை வெட்டிவிட்டுப் பகிர்பவனை நான் என்ன செய்ய? ஆனால் ஒன்று. கிருஷ்ணன் பின்வாங்கும்போது சோறு இல்லாமல் படை கலைகிற என் பக்கத்தை எவனும் ஃபார்வேர்டு செய்ய மாட்டான். சுற்றப்போவது காலில் விழுந்து அழும் பக்கம்தான். அதில் ராஜாதித்தன் பெயரில், அரசன் புகழைப் பாடிக் கல்வெட்டைத் தொடங்கும் மெய்க்கீர்த்தி ஒன்று வேறு நண்பர் எழுதி வைத்திருக்கிறார். கல்வெட்டில் மெய்க்கீர்த்தி போடும் வழக்கத்தை முறையாகத் தொடங்கி வைத்ததே ராஜராஜன். அதைச் சொன்னால் நான் குறை கண்டுபிடிக்கிறவன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கமெண்டில் ஒருவர், நண்பருக்கு ஆதரவாக, "தமிழனாக இருந்துகொண்டு ராஷ்டிரகூடனுக்கு வக்காலத்து வாங்கும் துரோகி" என்று எழுதினார். சோழர் பக்கத்து நண்பர் அதற்கு லைக் போட்டிருந்தார். கண்டித்து ஒரு வார்த்தை இல்லை. லைக்!

ராஷ்டிரகூடரை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. முதல் நாள் கேட்டபோது எல்லாரும் சோழர் வேண்டும், சோழர் வேண்டும் என்று கை தூக்கினார்கள். எதிர்த்தரப்பு இல்லாமல் கதை எப்படி நகரும் என்று கேட்டபோது சத்தமே இல்லை. அதனால் எடுத்தேன். எடுத்த பிறகு ஒழுங்காகப் படித்தேன். படிக்கப் படிக்கக் கிருஷ்ணன் மேல் ஒரு மரியாதை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்புறம் துரோகி என்கிறீர்களே, ஒரு விஷயம். தக்கோலத்துக்குப் பிறகு தொண்டை மண்டலத்தில் தமிழில் வெட்டிய கல்வெட்டுகளிலேயே "கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர்" என்று கிருஷ்ணனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் விளக்குக்கு ஆடும் நிலமும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு நெய் கொடுத்த அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் துரோகிகளா? ராஜாதித்தனின் தாத்தா முதலாம் ஆதித்தனின் பட்டத்தரசி இளங்கோன் பிச்சி ராஷ்டிரகூட இளவரசி. அடித்துக்கொண்டவர்கள் அந்த அளவுக்குச் சொந்தக்காரர்கள். அதைவிட முக்கியம், சோழர்கள் தாங்களே அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. ஆனைமங்கலச் செப்பேடு, கிருஷ்ணனைக் கலங்கடித்த ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே அம்பு பாய்ந்து வீர சொர்க்கம் போனான் என்று பெருமையாகவே சொல்கிறது. சொந்த இளவரசன் செத்ததைச் செம்பில் பொறித்து வைக்கும் அளவுக்கு அவர்களுக்குத் தைரியம் இருந்தது. ஆயிரம் வருஷம் கழித்து வந்த ரசிகர்களுக்குத்தான் ஒரு கற்பனைத் தோல்விகூடத் தாங்கவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடுகிறேன். என்னால் தாங்க முடியாதது காளி.

கர்நாடகத்து ஆதகூர் நடுகல் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பூதுகன் ராஜாதித்தனைக் கொன்றான் என்ற செய்தி இருக்கிற அதே கல். அந்தக் கல்லை நட்டது எந்த ராஜாவுக்காகவும் இல்லை, ஒரு நாய்க்காக. தக்கோலத்தில் பூதுகனுக்காகப் போரிட்டவன் மணலேரன். என்ன வேண்டும் கேள் என்றதற்கு, ஊரோ பொன்னோ கேட்காமல், பூதுகனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. அதற்கு ஒரு கல். அதில் நாயும் பன்றியும் சண்டையிடும் சிற்பம். ஒரு பேரரசின் பெரிய வெற்றி, ஒரு நாயின் நினைவுக்கல்லில் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் கதையில் கங்கர்கள் தக்கோலத்தில் ஜெயிக்கவில்லை. பூதுகன் கொடுப்பதற்குப் பனவாசி 12000 என்ற நாடும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அப்படியும் மணலேரன் அந்த நாயைக் கேட்கிறான். தோற்றுப்போய், மழையில், ஒரு கொட்டகையில். பூதுகன் கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுக்கிறான். அந்தப் பக்கத்தை எழுத எனக்கு எவ்வளவு நாள் ஆயிற்று என்று சொன்னால் சிரிப்பீர்கள். கங்கர் பக்கம் எழுதும் தோழி வாசித்துவிட்டுத் தொண்டை அடைத்தது என்றார். நண்பரின் அத்தியாயத்தில் "ஆதகூர் தரைமட்டமாக்கப்பட்டது" என்று இரண்டு வார்த்தை. மணலேரன், காளி, கொட்டகை, எல்லாம் அதில் போயிற்று. அந்தப் பக்கத்தை அவர் வாசிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். வாசித்துவிட்டு இதைச் செய்திருந்தால் எனக்கு வேறு பேச்சே இல்லை.

அட்மின் தீர்ப்பு உங்களுக்குத் தெரியும்: அத்தியாயம் இருக்கட்டும், பெரும்பான்மைக்குப் பிடித்திருக்கிறது. ஓட்டுப் போட்டு யானைக்குத் தண்ணீர் வரவழைக்க முடியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதனால், நான் எழுதிய ராஷ்டிரகூடப் பக்கங்களைத் தனி ஆவணமாக எடுத்துவிட்டேன். கங்கரும் ஈழமும் கூட வருகிறார்கள், பாண்டியர் யோசிக்கிறார். ராஜாதித்தன் பிழைத்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். சோழர் பக்கத்துக்கு ஆள் வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: நீங்கள் எழுதும் முதல் அத்தியாயத்தில் நீங்கள் எதையாவது இழக்க வேண்டும். எதை என்பது உங்கள் இஷ்டம், ஒரு கோட்டையோ, ஒரு தம்பியோ. வல்லபன் குறிப்புகள் என்னிடம்தான் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். வேங்கியும் (கீழைச் சாளுக்கியர் நாடு) எழுத ஆளில்லாமல் காலியாக இருக்கிறது, ஆனால் அதற்கு நிறையப் படிக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.