சிரித்து முடித்தாயிற்றா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், புண்ணியமாகப் போகும். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் தவிர எல்லாக் குழுவிலும் வந்துவிட்டது.

கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்று ஒன்று இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை எல்லாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அமைப்புகளில் சில மாதம் வேலை செய்ய, கூகுள் பணம் கொடுக்கும் திட்டம். அதற்கு ஒரு பையன் ப்ரொப்போசல், அதாவது என்ன செய்யப்போகிறேன் என்ற விண்ணப்ப வரைவு, எழுதி, "படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தான் விண்ணப்பிக்கும் அமைப்பின் பொதுச் சாட்டில் போட்டிருக்கிறான். "இங்கே உங்கள் பெயரை எழுதவும்" என்ற வரி அப்படியே இருக்கிறது. நடுவில் வேறொரு அமைப்பின் பெயர். கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. சிரித்தவர்களில் பாதிப் பேர் பெரிய கம்பெனிகளில் ஆர்க்கிடெக்ட். அவர்கள் எழுதும் டிசைன் டாக்குமெண்ட் எல்லாம் சொந்தச் சரக்குதான் என்று நம்புவோம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த டெம்ப்ளேட்டை அவனுக்கு விற்றவன் ஒருத்தன் இருப்பானே, அவனைப் பற்றி ஏன் ஒருத்தரும் பேசவில்லை? இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு பயிற்சி மையத்தின் லோகோ மங்கலாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துப்பிழையைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டத் தெரிந்தவர்களுக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை.

இந்த மையங்கள் விற்பது பச்சைப் பொய். ப்ரொப்போசல் நன்றாக இருந்தால் கூகுள் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். கூகுள் யாரையும் எடுப்பதில்லை. பணம் கொடுப்பதும், எந்தெந்த அமைப்புக்கு எத்தனை இடம் என்று ஒதுக்குவதும்தான் அவர்கள் வேலை. ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் மெண்டர்கள், அதாவது வழிகாட்டிகள். பிப்ரவரிக் கடைசியில் அமைப்புகளின் பட்டியல் வரும், மார்ச்சில் விண்ணப்பம் திறக்கும். அதற்குள் மெண்டருக்குச் சில பெயர்கள் பழகியிருக்கும். இவன் நம் நிரலைத் தன் கணினியில் பில்ட் பண்ணி ஓட்டிப் பார்த்தவன், இவள் நம் டெஸ்ட்டில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவள் என்று தெரியும். ப்ரொப்போசல் அதற்கெல்லாம் பிறகு வருவது. அதை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு போவது, நிச்சயதார்த்தத்தன்று தட்டோடு போய் இறங்கி "பெண் யாருங்க?" என்று கேட்பது மாதிரி.

2025-இல் விண்ணப்பித்தவர்கள் 15 ஆயிரத்துக்கும் மேல். கிடைத்தது 1,280 பேருக்கு. இதில் "செலக்‌ஷன் கேரண்டி" என்று ஒருவன் போஸ்டர் ஒட்டுகிறான். நாம் பையனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்டால், சொல்கிறேன். பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்தான் என் முதல் கணினி. விண்டோஸோடு, இந்தியாவிலேயே தயாரித்த பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். விண்டோஸில் ஏதோ வைரஸ் புகுந்ததால் லினக்ஸ் பக்கம் போனேன், கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை. 2 ஜிபி ரேம். காலேஜில் படிக்கும்போது, இதே கூகுள் திட்டத்துக்காக, ஒரு பெரிய சி++ ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டை அதில் கம்பைல் பண்ண, அதாவது நிரலை ஓடும் மென்பொருளாக மாற்ற, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவேன். காலையில் பார்த்தால் கடைசிப் படியில், லிங்க் ஆகும் இடத்தில், "கில்டு" என்று ஒரே ஒரு வார்த்தை. வேறு விளக்கம் கிடையாது. ஹாஸ்டல் சீனியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுக்கிட்டு கூகுளாடா?" என்றார். மெஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ப்ராஜெக்ட்காரர்கள் பேசும் ஐஆர்சி என்ற பழைய சாட்டில் கேட்டேன். நான் எழுதிய இங்கிலீஷைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கவில்லை. ரேம் எவ்வளவு என்று மட்டும் ஒருவர் கேட்டார். ரேம் போதாமல்தான் கணினியே வேலையைப் பாதியில் கொன்றிருக்கிறது. பிழை தேடுவதற்காகச் சேர்க்கும் டீபக் சிம்பல்களை நிறுத்து, ஒரே நேரத்தில் நான்கு ஃபைல் கம்பைல் ஆவதை ஒன்றாக்கு, ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப்பைக் கூட்டு என்றார். அன்றைக்கு பில்ட் முடிந்தது. அந்த வருஷம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம், 2016-இல், கிடைத்தது.

இப்போது கமெண்டில் வரப்போவதை நானே சொல்லிவிடுகிறேன்.

"டெம்ப்ளேட்டை வாங்கி அனுப்பியவனுக்கு வக்காலத்தா?" இல்லை. அந்த ப்ரொப்போசலை நிராகரிக்கத்தான் வேண்டும். நான் மெண்டராக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மெண்டர்களில் பெரும்பாலோர் ஆபீஸ் முடிந்து வந்து சொந்த நேரத்தில் உட்காருகிறவர்கள். படிக்காமலே அனுப்பிய குப்பையை அவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருப்பது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். சரிசெய்ய வேண்டியதை ஒரு இஷ்யூவாகப் பதிவு செய்தவுடன் "அசைன் டு மீ சார்" என்று இருபது பேர் எழுதிவிட்டு ஒருவரும் திரும்பி வராத எரிச்சல் எனக்கும் தெரியும். நிராகரியுங்கள். ஊர் முழுக்க ஏன் தண்டோரா போடுகிறீர்கள்?

"எல்லாம் காசுக்காக வருகிற கூட்டம்." ஆமாம், காசுக்காகத்தான். அதிலென்ன தப்பு? நான் வாங்கிய வருஷம் எந்த நாட்டில் இருந்து செய்தாலும் 5,500 டாலர். வீட்டில் கடன் அடைந்தது. மறுவருஷத்திலிருந்து நாட்டுக்கு நாடு தொகை மாறியது. இப்போது 350 மணி நேரத் திட்டத்துக்கு இந்தியாவில் இருப்பவருக்கு 3,000 டாலர். காசு வேண்டாம் என்று சேவை செய்ய அப்பா வீட்டில் வசதி இருந்தால் சேவை செய்யுங்கள்.

"நீயும் நாளைக்குக் கோர்ஸ் ஆரம்பிப்பாய்." நல்லது.

இது புதுசும் இல்லை. 2020-இல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் திருவிழாவில் கொடுக்கும் டி-ஷர்ட்டுக்காக, ப்ராஜெக்டை அறிமுகப்படுத்தும் ரீட்மீ ஃபைலில் ஒரு வார்த்தை மாற்றி, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் புல் ரிக்வெஸ்ட்டுகளைக் கொட்டினார்கள். 2024-இல் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற பிரபல ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டின் ரெப்போவில் ஆளாளுக்குத் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு தடவையும் வீடியோவில் ஒருவர் செய்து காட்டினார், பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். திட்டு வாங்கியது பிள்ளைகள், "இந்தியர்களே இப்படித்தான்" என்ற பட்டத்தோடு. வீடியோவுக்கு வியூஸ் ஏறியது.

இந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யூ.ஜி. என்ற லினக்ஸ் பயனர் குழு மாதிரி சிலர் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒருநாள் போய் உட்கார இந்த ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு நேரம் இல்லை. ஸ்மைலி போட நேரம் இருக்கிறது. காலேஜில் ஓப்பன் சோர்ஸ் என்றால் ஐந்து மார்க் கேள்வி. செமஸ்டர் ரெக்கார்டையே காப்பி அடித்துக் கொடுத்தால்தான் சைன் போடும் இடத்தில் நான்கு வருஷம் இருந்தவனுக்கு, ப்ரொப்போசலையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றாமல் என்ன செய்யும்? நீங்களும் அதே ரெக்கார்டைக் காப்பி அடித்துத்தானே பாஸானீர்கள்? ஸ்கிரீன்ஷாட் எடுக்க அப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையன் சாட்டை விட்டே வெளியேறிவிட்டானாம். அவனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என் இன்பாக்ஸுக்கு வரச் சொல்லுங்கள். ப்ரொப்போசல் வேண்டாம், எந்த இஷ்யூவைப் பார்த்தான், எங்கே மாட்டிக்கொண்டான் என்று மட்டும் எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம். மற்றபடி இந்தப் பதிவுக்கும் கீழே அதே ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்களை பிளாக் செய்யப்போகிறேன், நண்பர்களாக இருந்தாலும்.