பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி

பிரான்ஸின் பெரிய கார்கள் ஜெர்மன் கார்களிடம் தோற்றதற்குத் தரக்குறைவுதான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கட்டிவிட்டது. பாதி உண்மை. பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோனின் பெரிய கார் எக்ஸ்.எம். 1989இல் வந்தது, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. தொடக்க கால வண்டிகளின் மின் இணைப்புகளோ அதன் மானத்தை வாங்கின. மறுக்கவில்லை. மீதிப் பாதி, வரி. 1956இல் பிரான்ஸ் கார்களுக்குக் கொண்டுவந்த ஆண்டு வரி, எஞ்சின் பெரிதாகப் பெரிதாக எகிறியது. உள்நாட்டிலேயே விலைபோகாத எஞ்சினை யார் மெனக்கெட்டு உருவாக்குவார்கள்? ஆகவே மூளையைச் சொகுசில் செலவழித்தார்கள்.

எக்ஸ்.எம்.மில் ஸ்டீயரிங் திரும்புவதையும் பிரேக் மிதிபடுவதையும் உணரிகள் கவனிக்கும். கணினி நொடியில் சஸ்பென்ஷனை, அதாவது சாலைக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பை, இறுக்கிவிடும். சுருள்வில்லுக்குப் பதில் நைட்ரஜன் அடைத்த உருண்டைகள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பின்னிருக்கைக்குப் பின்னால் வைத்த கூடுதல் கண்ணாடித் தடுப்பு. டிக்கியைத் திறந்து பெட்டி ஏற்றும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மேல் குளிர்காற்று படக்கூடாதாம்! எந்த ஜெர்மன் பொறியாளருக்கு இந்தக் கரிசனம் வந்தது?

எக்ஸ்.எம்.முக்குப் பின் 2005இல் வந்த சிட்ரோன் சி6இன் பின்கண்ணாடி உட்குழிந்திருக்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். 2012 வரை தயாரித்தும் 25,000கூடத் தேறவில்லை. இன்னொரு பெரிய பிரெஞ்சுக் காரான ரெனோ வெல் சாட்டிஸைக் கட்டுரையாளர் பேசாமல் விட்டதற்கு நன்றி. அதன் மூக்கை என்னால் இன்றுவரை ரசிக்க முடியவில்லை.