பாடகர் பெயரில் பிரித்தால் படம் சிதறிவிடும்

சேர்த்து வைத்திருக்கும் பாட்டு ஃபைல்களை வீட்டிலேயே ஒரு சர்வரில் போட்டுக் கேட்பது பற்றிய கட்டுரை, அவற்றைப் பாடகர் பெயரில் போல்டர் போட்டு அடுக்கச் சொல்கிறது. நம் சினிமாப் பாட்டுக்கு அது ஒத்து வராதுங்க. ஒரு படத்தில் ஆளுக்கொரு பாட்டுப் பாடியிருப்பார்கள், அப்புறம் ஆல்பம் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒவ்வொரு பாட்டின் டேகிலும் (ஃபைலுக்குள் பதிந்திருக்கும் பாட்டு விவரம்) 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி போட்டுவிட்டால் (இளையராஜாவுக்கே ஆங்கிலத்தில் எத்தனை ஸ்பெல்லிங் கிடக்கிறது!) நேவிட்ரோம், ஜெல்லிஃபின் என்று எந்த சர்வர் மென்பொருளானாலும் படத்தின் பாட்டுகளை ஒரே ஆல்பமாகக் காட்டும். பிக்கார்ட் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றலாம். பழைய எம்பி3-ஐ ஃப்ளாக்காக (ஒலித் தரம் குறையாமல் சேமிக்கும் ஃபைல் வகை) மாற்றக் கட்டுரை சொன்னது வீண் வேலை, எம்பி3 ஆக்கும்போதே போன ஒலி திரும்பி வராது, ஃபைல்தான் பெருத்துவிடும். வீடு முழுக்கக் கேட்க சர்வராக ஒரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போதும், எல்லாம் ஒரே வைஃபையில் இருந்தால் சரி.