டிரைவர் இல்லாத வண்டி

(டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின். வீட்டு வாசலில் 32 அடி மோட்டார்ஹோம். அதன் பின்னால் 2013 ஹோண்டா சிஆர்-வி. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா, அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.)

மாமா: ஏன் மாப்பிள்ளை, கட்டில், அடுப்பு, கக்கூஸ் வரைக்கும் அந்த வண்டியிலேயே இருக்கிறது. பின்னால் கார் வேறு எதற்கு?

மாப்பிள்ளை: பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனதும் சுற்றிப் பார்க்க வேண்டாமா மாமா? அங்கே சிசோஸ் மலைப்பாதைக்கு 24 அடியைத் தாண்டிய வண்டி வேண்டாம் என்கிறார்கள். அவ்வளவு வளைவு. பெரியதை முகாமில் போட்டுவிட்டுக் காரில் ஏறலாம்.

மாமா: அப்போ நீங்கள் அதை ஓட்டுங்கள், நான் இதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறேன்.

மாப்பிள்ளை: இதை யாரும் ஓட்டப் போவதில்லை. நாலு சக்கரமும் தரையில் உருள, கட்டி இழுக்கப் போகிறோம்.

மாமா: ஸ்டியரிங்கை யார் பிடிப்பது?

மாப்பிள்ளை: யாரும் இல்லை. இந்த டோ பாரை, அதாவது இழுக்கிற கம்பியை, காரின் அடியில் போல்ட் போட்ட பேஸ் பிளேட்டில் மாட்டிவிட்டால், இழுக்கிற பக்கம் முன் சக்கரம் தானாகத் திரும்பும்.

மாமா: ரிவர்ஸ்?

மாப்பிள்ளை: எடுக்கவே கூடாது. சக்கரம் குறுக்கே மடங்கி, பார் வளைந்துவிடும்.

மாமா: முன்னால் போகலாம், பின்வாங்க முடியாது. கல்யாணம் மாதிரி என்று சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: மாமா, உங்கள் மகளைக் கட்டியவனிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாமா: அனுபவத்தில் சொன்னேன், விடுங்கள். இப்போது என்ன, நியூட்ரலில் போட்டால் கிளம்பிவிடலாமா?

மாப்பிள்ளை: அவ்வளவு சுலபமா? ஆட்டோமேட்டிக் கியர். உள்ளே எண்ணெய் ஓடியிருக்க வேண்டும். ஏறி உட்காருங்கள். இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்து, எல்லா கியருக்கும் ஒரு தடவை போய் வாங்க. 'டி'யில் 5 விநாடி நிறுத்துங்கள். அப்புறம் நியூட்ரல். 3 நிமிடம் இன்ஜின் ஓடட்டும்.

மாமா: நிற்கிற வண்டியில் எல்லா கியரும் போட்டவன் நான் ஒருவன்தான்.

மாப்பிள்ளை: எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால், வழியில் நிறுத்தி மறுபடியும் இதே வேலை. 65 மைல் வேகத்தையும் தாண்டக் கூடாது. இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைக் கடைசி நிலைக்கு ஒரு படி முன்னாலேயே விடுங்கள். முழுக்கப் பின்னால் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மாமா: சாவியோடு விட்டால் பேட்டரி இறங்காதா?

மாப்பிள்ளை: அதற்குத்தான் ஒரு ஃபியூஸைக் கழற்றப் போகிறேன்.

மாமா: அதென்ன, டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு பெட்டி?

மாப்பிள்ளை: பிரேக் பெட்டி. முன்னால் நான் பிரேக் பிடித்தால் அதுவும் இங்கே பெடலை அழுத்தும். கார் ஒன்றரை டன் மாமா, சும்மா விட்டால் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கார் பிய்த்துக்கொண்டால் இந்த மெல்லிய கேபிள் உருவிக்கொள்ளும், பெட்டி உடனே பிரேக்கை மிதித்துவிடும்.

மாமா: டீ கேட்காது, படியும் கேட்காது. என் வேலைக்கு நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: காரை விட்டு இறங்கிப் பின்னால் போய் நின்று லைட்டைப் பாருங்கள். லெஃப்ட் எரிகிறதா?

மாமா: எரிகிறது. ரைட்டும் எரிகிறது. பிரேக் லைட்... ஆங், வந்துவிட்டது. போலாம், ரைட்!

(மோட்டார்ஹோம் பத்தடி நகர்கிறது. கிறீச்சென்ற சத்தம். மாப்பிள்ளை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வருகிறார்.)

மாப்பிள்ளை: மாமா, ரோட்டில் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கிறதே!

மாமா: அந்தப் பெட்டிதான்! ஆள் இல்லாத பிரேக் என்றபோதே எனக்குச் சரியாகப் படவில்லை.

மாப்பிள்ளை: பெட்டி அழுத்தினால் நாலு டயருக்கும் பிரேக் விழும். இங்கே பின் டயர் இரண்டும்தான் தேய்ந்திருக்கிறது.

மாமா: ...

மாப்பிள்ளை: பார்க்கிங் பிரேக். காரிலிருந்து கடைசியாக இறங்கியது யார் மாமா?

மாமா: வண்டியை விட்டு இறங்கினால் பிரேக் போடு என்று டிப்போவில் சொல்லிக்கொடுத்த உடம்பு மாப்பிள்ளை. என்னைக் கேட்டுவிட்டா போடுகிறது?

மாப்பிள்ளை: சரி, போய் எடுத்துவிடுங்கள்.

மாமா: எடுக்கிறேன். பாப்பா கேட்டால் மட்டும் பெட்டி என்றே சொல்லிவிடுங்கள்.